நோயாளி சம்மதிக்கவில்லை

திரும்பாத. அவங்க சொல்லாம நீயாத் திரும்பக் கூடாது. மல்லாக்கப் படு. ஆங், அப்படித்தான். கையை வயித்து மேல வைக்காத, எதையோ ஒளிக்கிற மாதிரி இருக்கு.

உனக்கு மண்ணீரல்தானே? யாரும் சொல்லலை, பாத்தாலே தெரியுது. பதினாலு வருசமா இந்தப் பரீட்சைக்குக் கேஸா வர்றேன், படுத்திருக்கிற ஆளைப் பாத்தே சொல்லிருவேன். அந்தக் கடைசிக் கட்டில் தாத்தாவுக்கு நுரையீரல்ல தண்ணி. சன்னல் ஓரமா இருக்காரே, அவருக்குக் கை நடுக்கம். அவரைப் போன வருசமும் கூப்பிட்டிருந்தாங்க. நடுங்கச் சொன்னா நடுங்காம, டீ குடிக்கும்போது மட்டும் நடுங்குவார்.

பேரு என்ன சொன்ன? ஜெயக்கொடியா. பயப்படாத ஜெயக்கொடி. பரீட்சை அவங்களுக்குத்தான், நமக்கு இல்லை. வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கிட்டு ஒவ்வொருத்தரா வருவாங்க. எல்லாம் ஏற்கெனவே டாக்டருக்குப் படிச்சு முடிச்சவங்கதான், இன்னும் பெரிய டாக்டராகணும்னு படிக்கிறாங்க. உன் கட்டிலுக்கு வர்றவன் கெட்டிக்காரன்னா, இடுப்பெலும்புக்கிட்ட இருந்து தடவிக்கிட்டே மேல வருவான். அசடுன்னா நேரா விலாவுக்கு அடியில கையைக் கொண்டுபோய்க் குத்துவான். குத்தினாக் குத்தட்டும். 'அங்க இல்லை சார், இன்னும் கீழே'ன்னு சொல்லிராத. வலிச்சா 'ஆ'ன்னு சொல்லிக்கலாம், அதுக்குத் தடை இல்லை. எப்ப இருந்து இப்படி இருக்கு, காய்ச்சல் வந்துச்சான்னு கேட்டா உள்ளதைச் சொல்லு. வியாதி பேரை மட்டும் சொல்லக் கூடாது. உசிரு போனாலும் சொல்லக் கூடாது.

நான் சொன்னதே இல்லை. போன வருசம் கண்ணாடி போட்ட ஒருத்தன் வந்தான். என் நெஞ்சுல அங்க வைக்கிறான், இங்க வைக்கிறான், முதுகுல வைக்கிறான். வேர்த்துக் கொட்டுது. என் சத்தம் அப்படி லேசுல கேக்காது. இடது பக்கமா ஒருச்சாச்சுப் படுக்கச் சொல்லி, மூச்சை வெளிய விடச் சொல்லி, ஸ்டெத்துல சின்னப் பக்கத்தை வச்சுக் கேக்கணும். அப்பத்தான் கேக்கும். ஆட்டுக்கல்லுல ஈர மாவு உருள்ற மாதிரி இருக்குமாம். அவன் என்னைத் திரும்பவே சொல்லலை. மணி அடிச்சுட்டாங்க, ஃபெயிலு. வெளியில தண்ணிக் குழாய்கிட்ட நின்னு அழுதுட்டு இருந்தான். என்னைப் பாத்ததும், "ஏம்மா, லேசா ஒருக்களிச்சுக் காட்டியிருக்கலாமே"ன்னான். "நீங்க கேக்கலையே சார். கேக்காம நான் எப்படிக் காட்ட முடியும்?"னேன். பாவம்தான். ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல?

இரு, கொஞ்சம் எந்திரிச்சு உக்காந்துக்கிறேன். மூச்சுலாம் வாங்கலை. எனக்குப் படுத்தே கிடந்தாப் பிடிக்காது. வீட்டுலயும் செவுத்துல சாஞ்சு உக்காந்துதான் தூங்குறது. சிலருக்குச் சிலது பழக்கம்.

இந்தச் சட்டமெல்லாம் எனக்குச் சொல்லிக் குடுத்தவர் வேதமாணிக்கம் சார். இந்த வார்டுக்கே பெரிய டாக்டரா இருந்தவர். இப்ப ரிட்டையராகி அஞ்சு வருசம் ஆச்சு. முதல்ல நான் வந்தது கால்வலிக்குத்தான். எங்க ஊரு பள்ளிக்கூடத்துல நான் சத்துணவு ஆயா, நாளெல்லாம் நின்னே கிடக்கிற வேலை, அதனால வந்த வலி. அவரு காலைப் பாக்கவே இல்லை. ஸ்டெத்தை நெஞ்சுல வச்சார், கண்ணை மூடிட்டார். நான் எண்ணிக்கிட்டே இருக்கேன், நூறு எண்ணிட்டேன், இன்னும் கண்ணைத் திறக்கலை. அப்புறம் உள்ளங்கையை நெஞ்சுல வச்சுப் பாத்துட்டு எல்லாரையும் கூப்பிட்டார். "வாங்கடா, வந்து கையை வச்சுப் பாருங்க. பூனை உறுமுற மாதிரி இருக்கும். இனிமே இப்படி ஒரு கேஸ் உங்களுக்குக் கிடைக்காது"ன்னார். பதினெட்டுப் பேரு வரிசையில நின்னு கையை வச்சுப் பாத்தாங்க. எனக்கு வெக்கமாத்தான் இருந்துச்சு. ஆனா ஒண்ணு சொல்றேன், அதுக்கு முன்னாடி எனக்காக யாரும் வரிசையில நின்னது கிடையாது. கல்யாணத்துக்கே மொய் எழுத நாலு பேருதான் வந்தாங்க.

சின்னப் பிள்ளையில எனக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சு, முட்டியெல்லாம் வீங்கிப் போச்சு. அது இருதயத்துல போய் உக்காந்து, உள்ள இருக்கிற வாசல் கதவைச் சுருக்கிருச்சாம். ரெண்டு விரல் போகிற வாசல் பென்சில் அளவுக்கு ஆயிருச்சு. அம்புட்டுச் சின்ன வாசலை வச்சுக்கிட்டு ரெண்டு பிள்ளை பெத்திருக்கேன், பத்துப் படி அரிசி வேகிற அண்டாவை இறக்கியிருக்கேன், ஒண்ணும் ஆகலை. அதுதான் ஆச்சரியம். உலகத்துல பத்துப் பேருகூட இப்படி இருக்க மாட்டாங்கன்னு சார் சொன்னார். அதைப் பத்திப் புத்தகத்துல எழுதினார். டாக்டருங்க படிக்கிற புத்தகம். கடையில விக்காது.

இந்தா பாரு. கையைத் துடைச்சுக்கிட்டு வாங்கு. இதுதான் அந்தப் பக்கம். மக காலேஜுக்கு எதிர்ல இருக்கிற கடையில குடுத்து லேமினேஷன் பண்ணி வாங்கிட்டு வந்தா. எல்லாம் இங்கிலீசு. பேரு போட மாட்டாங்க, அது அவங்க வழக்கம். 'முப்பத்தெட்டு வயதுப் பெண்'னு இருக்குல்ல, இங்க, இந்த ரெண்டாவது வரியில. அது நான்தான். இந்தக் கோடு கோடா இருக்கிறது என் சத்தம். படமாப் போட்டிருக்காங்க. ஒன்பது வருசமா இந்தப் பையிலயேதான் இருக்கு. மடக்கிராத.

இதுலதான் வந்துச்சு வம்பு.

அஸ்மான்னு ஒரு டாக்டர் இருக்கா. காலையில உனக்கு ஊசி குத்தி ரத்தம் எடுத்தாளே, ஒல்லியா, அவதான். மாசியில ரெண்டு நாள் கால் வீங்கியிருந்துச்சு, வந்து காட்டினேன். அன்னைக்கு என்னைப் பிடிச்சுக்கிட்டா. ராத்திரி எத்தனை தலகாணி வைப்பீங்க? எச்சியில ரத்தம் வருதா? குரல் எப்ப இருந்து இப்படிக் கம்மிப் போச்சு? நானும் சொன்னேன், பிள்ளைகளை அதட்டி அதட்டிக் குரல் போச்சு, எச்சியில சிவப்பா வந்தா அது வெத்தலைன்னு. "வெத்தலையை விட்டு ரெண்டு வருசம் ஆச்சுன்னு இப்பத்தானே சொன்னீங்க?"ன்னு கேக்குறா. வக்கீலுக்குப் படிச்சிருக்க வேண்டியவ.

அப்புறம் படம் எடுத்துப் பாத்துட்டு, உடனே வாசலைத் திறக்கணும்கிறா. நெஞ்சைக் கீற மாட்டாங்களாம். தொடையில ஒரு ஓட்டை போட்டு, அது வழியா ஒரு பலூனை இருதயம் வரைக்கும் கொண்டுபோய் ஊதுவாங்களாம். "பலூன் ஊத இதென்ன திருவிழாவா டாக்டரம்மா?"ன்னேன். சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே, "இப்படியே விட்டா இன்னும் ஒரு வருசம் தாங்குறதே பெருசும்மா"ன்னா. சிரிச்சுக்கிட்டே சொல்றா, பாரு.

நான் ஒண்ணுதான் கேட்டேன். "பலூன் வச்சா என் சத்தம் என்ன ஆகும்?"

"குறைஞ்சிரும்மா. நல்லபடியாத் திறந்துட்டா கேக்கவே கேக்காது."

அதைப் போய்ச் சந்தோசமாச் சொல்றா! கேக்காமப் போச்சுன்னா அப்புறம் நான் எதுக்கு இங்க வர்றேன்? இந்த வார்டுக்குள்ள வந்தா, 'சீனியம்மா வந்தாச்சா, சீனியம்மாவுக்கு இந்தக் கட்டிலைக் குடு, வெளிச்சமா இருக்கும்'கிறாங்க. எங்க ஊர்ல யாரு என்னைப் பேரு சொல்லிக் கூப்பிடுறா? 'ஏ ஆயா, சோறு குழைஞ்சு போச்சு'. அம்புட்டுத்தான்.

சரின்னு இந்தத் தாளை எடுத்து நீட்டினேன். "நீங்க நேத்து வந்த டாக்டர். நான் புத்தகத்துல வந்தவ. படிச்சுப் பாருங்க"ன்னேன். நின்னுக்கிட்டே படிச்சா. முதல்ல வேகமாப் படிச்சா, அப்புறம் மெதுவாப் படிச்சா, கடைசிக்கு வந்ததும் கட்டில்ல உக்காந்துட்டா. "அம்மா, இந்தக் கடைசி வரி என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டா. எனக்கு எப்படித் தெரியும்? அவதான் தமிழ்ல சொன்னா. 'அறுவைச் சிகிச்சைக்கு நோயாளி சம்மதிக்கவில்லை.'

"நோயாளின்னா யாரு?"ன்னேன்.

"நீங்கதான். அப்ப உங்ககிட்ட யாராவது ஆப்பரேசன் பண்ணிக்கிறீங்களான்னு கேட்டாங்களாம்மா?"

யாரும் கேக்கலை.

கேக்கலைன்னுதான் எனக்கு ஞாபகம். ஆனா அதுக்காக? அவரு எழுதியிருக்கார்னா கேட்டிருப்பார். நான்தான் மறந்திருப்பேன். அன்னைக்கு எத்தனை பேரு வந்து எத்தனை கேள்வி கேட்டாங்க, எல்லாத்துக்கும் தலையை ஆட்டினேன். ஒண்ணுக்கு ஆட்டாம இருந்திருப்பேன். அம்புட்டுப் பெரிய மனுசன் பொய்யா எழுதப் போறார்? அஸ்மாகிட்டயும் அதைத்தான் சொன்னேன். "ஆமா, கேட்டார். நான்தான் வேண்டாம்னேன். இப்பவும் வேண்டாம். புத்தகத்துல ஏத்தினது ஏத்தினதுதான். இனிமே போய் நான் சம்மதிச்சு அவரைப் பொய்யாக்கணுமா?" அவ தாளைத் துடைச்சு என் கையில குடுத்துட்டுப் போயிட்டா. போனவ போனவளா இருந்தாளா? மறுநாள் எங்க ஊருக்கே போனைப் போட்டுட்டா. மக அழுகுறா, மருமகன் புத்தி சொல்றான். எனக்குச் சோறு போட வக்கில்லாத பயலெல்லாம் புத்தி சொல்றான்.

கடைசியா இப்படித்தான் பேசி முடிச்சோம். நாளைக்குக் காலையில பலூனுக்கு என் பேரை எழுதி வச்சிருக்கா. அதுக்கு முன்னாடி இன்னைக்கு நாலு மணிக்குத் தொண்டைக்குள்ள குழாய் விட்டு, உள்ள ரத்தக்கட்டி இருக்கான்னு பாக்கணுமாம். அதுக்கு வெறும் வயிறா இருக்கணுமாம். "மத்தியானம் பொட்டலம் குடுப்பாங்க, சாப்பிட்டுறாதீங்கம்மா. சாப்பிட்டா எல்லாம் தள்ளிப் போயிரும், அப்புறம் எப்பத் தேதி கிடைக்கும்னு தெரியாது"ன்னா. "நான் சாப்பிடுவேன். எலுமிச்சம் சாதமும் முட்டையும் குடுப்பாங்க, ரெண்டையும் திம்பேன். நான் தின்னுட்டேன்னா வரலைன்னு அர்த்தம், நீ வந்து கேக்க வேண்டியதே இல்லை"ன்னேன். "சரி, நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா ஒண்ணு, இந்தத் தடவை பரீட்சை நடத்த வெளியூர்ல இருந்து வேதமாணிக்கம் சார் வர்றார். அவர்கிட்டயே கேளுங்க"ன்னா.

அதான் வந்திருக்கேன். இல்லாட்டி இந்தத் தடவை வந்திருக்க மாட்டேன். கால் ரெண்டும் தூணாட்டம் இருக்கு, பஸ் படி ஏற முடியலை. படி உயரமாப் போட்டுட்டாங்க இப்பல்லாம்.

அவரு வரட்டும். 'பண்ணிக்கோ சீனியம்மா'ன்னா பண்ணிக்கிறேன். 'வேண்டாம்'னா வேண்டாம். எழுதினவரு அவரு. மாத்தி எழுத அவராலதானே முடியும்?

தாளை இங்க குடு. கூட்டமா வர்றாங்க, செருப்புச் சத்தம் கேக்குது. படு, படு. திரையை இழுக்கிறாங்க. திரும்பாத.

*

போயாச்சு. மூச்சை விடு. உன்கிட்ட வந்தவன் கீழே இருந்துதான் தடவிக்கிட்டு வந்தான், இல்லை? சத்தத்தை வச்சே தெரிஞ்சுக்கிட்டேன். பாஸாயிருவான்.

எனக்கு வந்தது ஒரு பொண்ணு. தங்கமான பொண்ணு. முதல்லயே, "இடது பக்கம் திரும்பிக்கிறீங்களாம்மா?"ன்னு கேட்டுட்டா.

பாத்தியா அவரை? உசரமா, நரைச்சு, கைத்தடி வச்சிருந்தாரே. அவருதான். தடி புதுசு. முந்தி வெறுங்கையா வேகமா நடப்பாரு.

நடுவுல துணிதானே, உனக்கும் கேட்டிருக்கும். "வணக்கம் சார்"னு சொன்னேன். "உம்"முன்னார். கண்ணாடியைத் தேடிக்கிட்டிருந்தார், அதான் முகத்தைப் பாக்கலை. இந்தத் தாளை நீட்டினேன். "ரெக்கார்டெல்லாம் காட்டக் கூடாதும்மா, பரீட்சை நடக்குது"ன்னு சொல்லி அதை வாங்கி அப்படியே அலமாரி மேல வச்சிட்டார். சரிதானே? சட்டம்னா எல்லாருக்கும்தானே சட்டம்? அவரே எழுதினதுன்னாலும் காட்டக் கூடாதுதான்.

அப்புறம் ஸ்டெத்தை வச்சார். அதே மாதிரி கண்ணை மூடினார். எண்ணினேன். எழுபது வரைக்கும் எண்ணினேன், எனக்குத்தான் மூச்சு முட்டி எண்ணிக்கை விட்டுப் போச்சு. கையை வச்சுப் பாத்தார். சூடான கை, அது மாறலை. பக்கத்துல நின்ன இன்னொரு பெரிய டாக்டர்கிட்ட, "பியூட்டிஃபுல்"னார். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசு அது. அப்புறம் என்ன சொன்னாருன்னு கேட்டியா? கேட்டிருப்ப, நல்லா உரக்கத்தான் சொன்னாரு.

"முந்தி இங்க எனக்கு ஒரு கேஸ் இருந்துச்சு. இதே சத்தம். இதைவிடக் கொஞ்சம் தெளிவா இருக்கும். நான் எழுதினேனே, அந்தம்மா. ஆப்பரேசன் பண்ணிக்கச் சொல்லி எவ்வளவோ சொன்னேன், கேக்கலை. இந்நேரம் போயிருப்பா"ன்னார்.

என் நெஞ்சு மேல கை இருக்கு. கையை எடுக்காமச் சொல்றார்.

மறக்கலை பாத்தியா என்னை? பேரு சொல்லலை. பேரு அதுல போடவே இல்லையே, எப்படி ஞாபகம் இருக்கும்?

எவ்வளவோ சொன்னாராம்.

வாயைத் திறந்தேன் ஜெயக்கொடி. 'சார், நான்தான்'னு சொல்லத்தான் திறந்தேன். "பேசாதம்மா, சத்தம் கேக்கணும்"னு சொல்லிட்டார். பேசினா சத்தம் கேக்காதுதான். அந்தப் பொண்ணுக்கு மார்க்கு போடணும், நான் குறுக்க பேசலாமா? பேசலை. பதினாலு வருசத்துல நான் குறுக்க பேசினதில்லை.

'எவ்வளவோ சொன்னேன்'னா, எவ்வளவு? ஒரு தடவையாவது இருக்கணும்ல? ஒரு தடவை சொல்லியிருந்தாக்கூட எனக்கு ஞாபகம் இருக்கும். அன்னைக்கு அவரு என்ன சட்டை போட்டிருந்தாருன்னு இன்னைக்கும் சொல்லுவேன், பச்சைக் கோடு போட்டது. மேசை மேல ஒரு தீப்பெட்டி இருந்துச்சு. பதினெட்டுப் பேரு வரிசையில நின்னாங்க. இத்தனை ஞாபகம் இருக்கிறவளுக்கு அது மட்டும் எப்படி மறந்து போகும்?

வயசாயிருச்சு அவருக்கு. அறுபத்தஞ்சு இருக்கும். எத்தனை ஆயிரம் பேரைப் பாத்திருப்பார். வேற யாருகிட்டயோ சொன்னதை என்கிட்டச் சொன்னதா நினைச்சுக்கிட்டிருப்பார். நல்ல மனுசன். யாராவது தப்பாப் பேசினா நான் விட மாட்டேன். அஸ்மா பேசினாலும் விட மாட்டேன்.

ஆனா, போயிருப்பாளாம்ல.

நான் எதுக்குப் போறேன்? இந்தா உக்காந்திருக்கேன் குத்துக்கல்லாட்டம். போறதா வாறதான்னு நான்ல சொல்லணும்? அவராச் சொல்லிட்டா ஆச்சா? அடுத்த தடவை அவரு இந்த வார்டுக்கு வரட்டும், எதிர்ல நடந்து போறேன். கட்டில்ல படுத்தில்லை, நடந்து. நெஞ்சுல கையை வைக்க விடாம நேரா நின்னு, 'சார், சீனியம்மா'ன்னு சொல்லிட்டுப் போயிட்டே இருப்பேன். சத்தம் இல்லாமயே கண்டுபிடிக்கிறாரான்னு பாப்போம்.

என்னத்தா நீ கண்ணைத் துடைக்கிற? உனக்கு என்ன வந்துச்சு? வயிறு வலிக்குதா? ரொம்ப அமுக்கிட்டானா? சிஸ்டர்கிட்டச் சொல்லு, மாத்திரை தருவாங்க.

மணி பன்னிரண்டரை ஆச்சு போல, பொட்டலம் வருது. இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு, ஆங், தம்பி, முட்டை வச்சிருக்கீங்களா? போன தடவை ரெண்டு பேருக்கு விட்டுட்டீங்க. வாங்கிக்க ஜெயக்கொடி. ஒரு மணிக்கு அடுத்த குரூப்பு வந்துரும், அதுக்குள்ள சாப்பிட்டு முடிச்சிரணும். முடிச்சதும் படுத்துரு. வயிறு நிறைஞ்சிருந்தா மண்ணீரலைப் பிடிக்கிறது கொஞ்சம் கஷ்டம், அதுவும் அவங்க பாடு, நம்ம பாடு இல்லை. திரும்பு, மூச்சை இழுன்னு அவங்கதான் சொல்லணும்.

மெத்தையில வைக்காத, எண்ணெய் ஒழுகும், சிஸ்டர் கத்தும். அந்த அலமாரி மேல தாள் இருக்கு பாரு, அதை எடுத்து அடியில போட்டுக்க. பெருசாத்தானே இருக்கு. என்னோட பொட்டலத்தையும் அதுமேலயே வச்சு நீயே சாப்பிடு.